தட்டு ஓடும் கடையா, தெருக் கடையா, பாதி விலைப் பெட்டியா?

தோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மூர் ஆட்கள், மசாலா சாமான் கிடைக்கும் இடம் தெரிந்ததும் அடுத்துக் கேட்பது, சுஷி எங்கே சாப்பிடலாம் என்றுதான். கின்சாவில் ஆளுக்கு 30,000 யென் வாங்கும் கடைகளைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். வீட்டிலிருந்து செருப்பு மாட்டிக்கொண்டு போய்வரக்கூடிய கடைகளைத்தான் சொல்கிறேன். அப்படிப் பார்த்தால் மூன்று வழி: பெல்ட்டில் தட்டு வரும் கைதென் கடை, வயதான ஒருவர் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கையால் பிடித்துத் தரும் தெருக் கடை, சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பெட்டி.

எல்லாரும் மீனை வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுவார்கள். என்னைக் கேட்டால், வித்தியாசம் சோற்றில்தான் இருக்கிறது. சூரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பெரும்பகுதி கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரியில் உறையவைத்து வருவது, அது சுற்றும் பெல்ட்டுக்கும் போகிறது, தெருக் கடைக்கும் போகிறது, பெட்டிக்குள்ளும் போகிறது. தரத்தில் ஏற்ற இறக்கம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாலும் முதல் வாயிலேயே காட்டிக்கொடுப்பது சோறுதான்.

தெருக் கடையில் அது உடம்புச் சூட்டில் இருக்கும். வினிகர் கலந்த சோற்றைக் கையில் எடுத்து நாலைந்து அசைவில் உருட்டி, மீனை ஏற்றி, உங்கள் முன்னால் வைத்துவிடுவார். கையில் எடுத்தால் உடையாது, வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிந்துவிடும். அதனால்தான் வைத்த உடனே சாப்பிடச் சொல்கிறார்கள், போட்டோ எடுத்து முடிப்பதற்குள் பாதி சுகம் போய்விடும். கைதென் கடையில் சோற்றைப் பிடிப்பது இயந்திரம். சுஸுமோ நிறுவனம் 1981இல் முதல் சுஷி ரோபோவைக் கொண்டுவந்தது, இன்றைக்குப் பெரிய சங்கிலிக் கடைகள் அப்படிப்பட்ட இயந்திரங்கள் இல்லாமல் ஓடாது. ஒவ்வொரு உருண்டையும் ஒரே எடை, ஒரே வடிவம். மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் எட்டாவது தட்டில் சலிப்புத் தட்டும். பெட்டியில் வருவது குளிர்ந்த சோறு. குளிரில் சோறு விறைத்துப்போவது நமக்குப் புதிதா என்ன, காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ராத்திரிச் சாதத்தின் கதைதான். அதைத் தள்ளிப்போடச் சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகச் சேர்ப்பார்கள், அதனால் இனிப்புத் தூக்கலாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் தேவலை. மைக்ரோவேவ் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

சரி, அப்படியானால் எப்போதும் தெருக் கடைதானா? குழந்தைகள் இருந்தால் இல்லை. கைதென் கடை என்பதே சாதாரணச் சம்பளக்காரர்களுக்காகப் பிறந்தது. ஷிராயிஷி யோஷியாகி என்பவர் பீர் ஆலையில் பெல்ட்டில் பாட்டில் நகர்வதைப் பார்த்து யோசனை பிடித்து, 1958இல் ஒசாகா பக்கம் முதல் கடையைத் திறந்தார். இன்று தொடுதிரையில் படம் பார்த்து அழுத்தினால் தட்டு நேராக உங்கள் மேசைக்கு வந்து நிற்கும். 2023 தொடக்கத்தில் ஒரு பையன் சோயா சாஸ் பாட்டிலை நக்கி வீடியோ போட்டானே, அதற்குப் பிறகு பல கடைகளில் சும்மா சுற்றும் தட்டுகளே இல்லை, கேட்டால்தான் வரும். குரா சுஷி என்ற சங்கிலிக் கடையில் ஐந்து தட்டுக்கு ஒரு விளையாட்டு, ஜெயித்தால் பொம்மை. பிள்ளைகள் அதற்காகவே வெள்ளரிச் சுருளாகத் தின்று தீர்ப்பார்கள். வசாபி என்ற காரப் பச்சை விழுது தனியாகத்தான் இருக்கும், உருளைக்கிழங்கு வறுவலும் உண்டு, உதோன் என்ற தடித்த நூடுல்ஸும் உண்டு. முக்கியமாக, சால்மன் உண்டு. பழைய பாணி தெருக் கடைகள் சிலவற்றில் சால்மன் கேட்டால் கிடைக்காது. பச்சை சால்மன் ஜப்பானியச் சுஷியில் பழைய சரக்கு இல்லை, 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் மீனுக்குச் சந்தை தேடிவந்த பிறகு பரவியது.

விலையைப் பொறுத்தவரை நூறு யென் தட்டுக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சுஷிரோ சங்கிலிக் கடை 2022 அக்டோபரில் மலிவான தட்டை 120 யென்னுக்கு ஏற்றியது, நகர மையக் கிளைகளில் அதற்கும் மேல். நாலு பேர் குடும்பம் வயிறு நிறையச் சாப்பிட்டு ஐஸ்கிரீமும் வாங்கினால் பில் சின்னதாக வராது. தெருக் கடை என்றாலே பயப்படுகிறவர்கள் மதியம் போய்ப் பாருங்கள். பல இடங்களில் நிகிரி (கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் வைத்த சுஷி) லஞ்ச் 1,000 முதல் 2,000 யென்னுக்குள், சூப்போடு கிடைக்கும். ராத்திரி அதே நாற்காலியில் உட்கார்ந்தால் 5,000 தாண்டுவது சாதாரணம், விலை எழுதாத பலகையைப் பார்த்து ஆர்டர் செய்தால் இன்னும் மேலே போகும். மதியச் செட்டில் நாமி (சாதாரணம்), ஜோ (உயர்தரம்) என்று தரம் பிரித்திருப்பார்கள். நாமியே எடுங்கள். காசு கூடக்கூட மேலே ஏறுவது கொழுத்த சூரையும் மீன் முட்டையும்தான், அடியில் இருப்பது அதே சோறு. கொஹதா கிடைத்தால் விடாதீர்கள், உப்பிலும் வினிகரிலும் ஊறிய அந்தச் சின்ன மீனில்தான் கடைக்காரரின் கை தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை, சென்ட் அடித்துக்கொண்டு கவுன்ட்டரில் உட்காராதீர்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ரசிக்கவும் மாட்டார்கள். டிப்ஸ் வைக்கவேண்டாம்.

சைவம் என்றால் கணக்கே மாறிவிடும். கைதென் கடையில் படத்தைப் பார்த்து வெள்ளரிச் சுருள், நத்தோ (புளிக்கவைத்த சோயா), இனாரி (தோஃபுத் தோலில் பொதிந்த சோறு) என்று ஆர்டர் செய்துவிடலாம் போலத் தோன்றும், ஆனால் இனாரியின் தோஃபுத் தோலும் முட்டை ரோலும் பெரும்பாலும் மீன் சாற்றில் தயாரானவை. தெருக் கடையில் உட்கார்ந்த பிறகு அதைச் சொல்லி அந்தப் பெரியவரைச் சங்கடப்படுத்துவதைவிட முன்கூட்டியே கேட்டுவிடலாம். கண்டிப்பாகப் பார்ப்பவர்களுக்குப் பெட்டிதான் மேல். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று லேபிளில் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும், கைபேசிக் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டும் அதன் கிட்டே வரமுடியாது.

ஆக, தனியாகவோ ஒரு நண்பரோடோ மதியம் போனால் எனக்குத் தெருக் கடை, பிள்ளைகளோடு போனால் கைதென். சனிக்கிழமை சாயங்காலம் கைதென் போகிறவர்கள் ஆப்பில் டோக்கன் போட்டுவிட்டு வீட்டிலேயே இருங்கள், கடை வாசலில் ஒரு மணி நேரம் நிற்பது வீண். அப்புறம், தோக்கியோவின் தொயோசு மீன் சந்தைக்கு ஞாயிறும் சில புதன்களும் விடுமுறை, எங்கள் தெருக் கடையும் புதனில் பூட்டித்தான் இருக்கும். அன்றைக்குப் பார்த்து ஆசை வந்தால் சூப்பர்மார்க்கெட்டுக்கு ராத்திரி ஏழரைக்கு மேல் போங்கள், பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் அநேகமாக அந்நேரம்தான் வருவார்.