அம்மாவின் காதும் தில்லை நகர் ஸ்கேனும்

இங்கிலாந்திலிருந்து திருச்சிக்கு விடுமுறையில் வரும் எங்களைப் போன்றவர்கள் பல் பார்ப்பது, கண்ணாடி மாற்றுவது, முழு உடல் பரிசோதனை செய்துகொள்வது என்று ஒரு பட்டியலோடுதான் வந்து இறங்குகிறோம். இம்முறை அந்தப் பட்டியலில் அம்மாவின் இடது காது முதலிடம் பிடித்தது. பல ஆண்டுகளாக விட்டுவிட்டுச் சீழ் வடிந்த காது அது. அண்மையில் துர்நாற்றமும் சேர்ந்து, கேட்கும் திறனும் குறைந்திருந்தது. மருந்துக் கடையில் வாங்கிப் போடும் சொட்டு மருந்தில் சில நாள் அடங்கும், பிறகு மறுபடியும் தொடங்கிவிடும்.

தில்லை நகரில் கிராஸுக்குக் கிராஸ் மருத்துவமனையும் ஸ்கேன் மையமும் இருப்பதால் அலைச்சல் இல்லை. ஆனால் முதலில் போன இடத்தில், காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த கையோடு மூளை ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய சாதாரணத் தலை சி.டி.யில், அதாவது எக்ஸ்ரேயால் தலையை அடுக்கடுக்கான வெட்டுப் படங்களாக எடுக்கும் ஸ்கேனில், ஒவ்வொரு வெட்டும் பொதுவாக 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. ஒலியைக் கடத்தும் நடுக்காதின் அங்கவடி எலும்போ சுமார் 3 மில்லிமீட்டர் உயரமே உள்ளது. பார்க்க வேண்டிய பொருளே ஒரே வெட்டுக்குள் மங்கி மறைந்துபோகக்கூடிய ஒரு படத்துக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை என்று அந்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டு, வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம்.

அவர் மைக்ரோஸ்கோப்பின் கீழ் அம்மாவைப் படுக்க வைத்து, சீழைச் சக்ஷனால் உறிஞ்சித் துடைத்துவிட்டு, எண்டோஸ்கோப்பைச் செலுத்தித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். செவிப்பறையின் மேல் ஓரத்தில் ஒரு சிறு குழியும் அதில் வெள்ளை வெள்ளையாகச் செதில்களும் தெரிந்தன. கேட்கும் சோதனையையும் அங்கேயே முடித்துவிட்டு, “காதுல இருக்கறது என்னன்னு இப்பவே தெரியுதும்மா. அது எதுவரைக்கும் போயிருக்குன்னுதான் ஸ்கேன் சொல்லணும்” என்றார். நோயின் பெயர் கொலஸ்டியட்டோமா. இருக்கக்கூடாத இடத்தில், நடுக்காதுக்குள், தோல் வளர்ந்து உதிர்ந்து சேர்ந்து, சுற்றியுள்ள எலும்பை மெல்ல அரிக்கும் நோய் இது. புற்றுநோய் அன்று, ஆனாலும் சொட்டு மருந்தில் தீராது.

அவர் எழுதிக் கொடுத்தது டெம்போரல் போன் ஹெச்.ஆர்.சி.டி., அதாவது காதெலும்பை அரை மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய வெட்டுகளாகக் காட்டும் ஸ்கேன். அதற்கு ஊசி வழியாக மருந்து ஏற்றத் தேவையில்லை. படுத்து எழுந்திருக்கச் சில நிமிடங்கள் போதும். எங்களுக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது அம்மாவின் நகைகளைக் கழற்றத்தான். தோட்டின் உலோகம் படத்தில் கோடுகோடாக விழும் என்பதை ஒப்புக்கொண்ட அம்மா, மூக்குத்திக்கு மட்டும், “கல்யாணத்துலேருந்து கழட்டினதே இல்லை தம்பி” என்று டெக்னீஷியனிடம் வழக்காடினார். தலையில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. கடைசியில் ஒரு நர்ஸம்மா தேங்காய் எண்ணெய் தடவி, திருகாணியைப் பொறுமையாகச் சுழற்றி எடுத்துக் கொடுத்தார்.

மதியம் எடுத்த ஸ்கேனின் அறிக்கை மாலையில் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில், குடும்ப மருத்துவரின் பரிந்துரையிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை 18 வாரங்கள் என்பதே வகுத்துவைத்த அளவு, அதுவும் பலருக்குத் தவறிவிடுகிறது. திருச்சியின் இந்த வேகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு உதவியது வேகத்தைவிட, மருத்துவர் அறிக்கைத் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் படங்களைத் தாமே ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்ததுதான். செவிப்பறைக்கு மேலே கூராக இருக்க வேண்டிய எலும்பு முனை மழுங்கியிருப்பதையும், ஒலியைக் கடத்தும் இன்னொரு சிற்றெலும்பான பட்டடை எலும்பில் ஒரு பகுதி அரிக்கப்பட்டிருப்பதையும் காட்டினார். மூளைக்கும் காதுக்கும் இடையிலுள்ள மெல்லிய எலும்புக் கூரை, முகநரம்பு செல்லும் குழாய், உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல் மூன்றும் கெடாமல் இருந்தன. அறுவை செய்பவர் கருவியை எங்கே தயங்காமல் கொண்டு போகலாம், எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரிகிறது. பழைய கோப்பிலிருந்த, காதின் பின்புற எலும்பைக் காட்டும் மாஸ்டாய்டு எக்ஸ்ரே ஒன்றையும் நீட்டினேன். இதையெல்லாம் அது காட்டாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஸ்கேன் மையம் கொடுத்த பெரிய ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்களே இருந்தன, கூடக் கொடுத்த குறுந்தட்டிலும் அவற்றின் நகல்தான். மெல்லிய வெட்டுகள் முழுவதையும் டைகாம் வடிவில், அதாவது ஸ்கேன் படங்களை அப்படியே சேமிக்கும் கோப்பு வடிவில் தாருங்கள் என்று மறுநாள் போய்க் கேட்ட பிறகே பென் டிரைவில் ஏற்றித் தந்தார்கள். வெளிநாட்டில் இன்னொரு மருத்துவரிடம் காட்ட நினைப்பவர்கள் பணம் கட்டும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபிலிம் புகைப்படத்தை வைத்து எவரும் கருத்துச் சொல்ல முடியாது.

அதே மையத்தில், எனக்கும் சைனஸ் சி.டி. எடுத்துக்கொள்ளும்படி சலுகை விலையில் அழைத்தார்கள். விமானப் பயணத்தில் பிடித்த சளி எனக்கு அப்போது விட்டிருக்கவில்லை. சாதாரணச் சளியிலேயே சைனஸின் உள்சவ்வு தடித்துப் படத்தில் நோய் போலத் தெரியும் என்பதால் மறுத்துவிட்டேன். மூக்கடைப்பு 12 வாரங்களுக்கு மேல் நீடித்து, மருந்துக்கும் அடங்காதபோதுதான் பொதுவாக அந்தப் படம் பயன்படும்.

அம்மாவுக்கு அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. நோய் மிச்சமிருக்கிறதா, திரும்ப வருகிறதா என்பதைப் பிறகு சி.டி.யால் உறுதியாகச் சொல்ல முடியாது. நீர் கோத்திருந்தாலும், புண் ஆறும்போது சதை வளர்ந்திருந்தாலும், கொலஸ்டியட்டோமாவே இருந்தாலும் சி.டி.யில் ஒரே சாம்பல் நிறம்தான். திசுக்களுக்குள் நீர் நகர்வதைக் கொண்டு படமெடுக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யில் கொலஸ்டியட்டோமா வெளிச்சமாகத் தனித்துத் தெரியும், மிகச் சிறிய துணுக்குகள் மட்டும் தப்பலாம். அதிலும் காதுக்கு ஏற்ற, ‘நான்-எக்கோ பிளேனர்’ (non-echo planar) என்னும் வகை எல்லா மையங்களிலும் இருக்காது என்பதால், அடுத்த ஆண்டு அம்மாவை எங்கே அழைத்துப் போவது என்பதை மருத்துவரிடமே இப்போது கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம்.