கையில திருகுற ஸ்பைரலைசரா, மேசையில வச்சு சுத்துறதா? ரெண்டையும் வாங்கிப் பாத்துட்டு எழுதுறேன்

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைங்க. கேரளாதான், ஆனா வீட்டுக்குள்ள தமிழு, காய்க்கு வேலந்தாவளம் மார்க்கெட், துணிமணிக்கு பொள்ளாச்சி. ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாடி வீட்டுக்காரருக்கு சுகர் இருக்குன்னு தெரிஞ்சதும், ராத்திரியில அரிசிப் பண்டத்தப் பாதியாக்கி காய ஜாஸ்தி பண்ணுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இவரு வாரத்துல ரெண்டு நாள் சந்தகை (அரிசி மாவ வேக வச்சு இடியாப்பம் மாதிரி நூலா புழியறது) சாப்பிட்டு வளந்தவரு, தட்டுல நூல் நூலா இருந்தாத்தான் மனசு நெறையும். சரி, காயவே நூலா சீவிக் குடுத்துட்டா என்னன்னு தோணி ஸ்பைரலைசர் தேட ஆரம்பிச்சேன். முதல்ல வாங்குனது கையில திருகுறது, அதோட ஆறு மாசம் மல்லுக்கட்டிட்டு அப்புறம்தான் மேசையில வச்சு கைப்பிடி சுத்துறத வாங்கினேன், அது வந்து இப்ப பத்து மாசமாச்சு. அக்கம்பக்கத்துல நாலு பேரு எது வாங்கலாம்னு கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு பதிலா இங்கயே எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு. எங்க அத்தை கேட்டாங்க, "ஏங்கண்ணு, நம்ம சந்தகை மிசின்லயே கேரட்டப் போட்டுப் புழிஞ்சா ஆகாதா?"ன்னு. ஆகாதுங்க. சந்தகை மிசின் வெந்த மாவ ஓட்டை வழியா அமுக்கித் தள்ளுது, பச்சைக் காய் அதுல நசுங்குமே தவிர நூலாகாது. ஸ்பைரலைசர்ல காய் சுத்தும், பிளேடு நிக்கும், பென்சில் சீவுறப்ப சுருள் சுருளா வருதே அதே சங்கதிதான்.

கடையில நாலு வகை கெடைக்குது. பல்லு வச்ச பீலர் ஒண்ணு, தோல் சீவுற மாதிரி இழுத்தா நீட்டு நீட்டா குச்சியா வரும், வெலை கம்மி, கழுவ ஒரு நிமிஷம் கூட ஆகாது, நடுத்தண்டு வீணாகாது, ஆனா நாலு பேருக்கு சீவி முடிக்கிறதுக்குள்ள கை ஓஞ்சுபோகும். ஒல்லிக் கேரட்டுக்கு இன்னிக்கும் நான் அதத்தான் எடுக்கிறேன். கரண்ட்ல ஓடறது ஒண்ணு, கோயமுத்தூர்ல எங்க அக்கா வீட்டுல இருக்கு, ரெண்டு நாள் தங்கியிருந்தப்ப ஓட்டிப் பாத்தேன், உள்ள போட்டு கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஒரு பீட்ரூட் காலி. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டு நாள் பழக்கத்த வச்சு அத நல்லதுன்னும் சொல்லமாட்டேன் கெட்டதுன்னும் சொல்லமாட்டேன். கையி வலி, மூட்டு வலி இருக்கறவங்க அதப் பாக்கலாம். மிச்சம் ரெண்டுதான் இந்த எழுத்துக்கே காரணம்.

கையில திருகுறது பாக்க உடுக்கை மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் வாய், ஒரு பக்கம் மெல்லிசு நூல், மறுபக்கம் கொஞ்சம் தடிப்பு. எனக்கு நூத்தியெண்பது ரூபா ஆச்சு. டிராயர்ல போட்டுக்கலாம், ஒருத்தருக்கு ஒரு வெள்ளரிக்கா சீவணும்னா படக்குனு எடுத்து முடிச்சிறலாம். இதுல கொறை என்னன்னா வாய் அளவுக்கு மேல இருக்கற காய் உள்ளயே போகாது. பீட்ரூட்ட ஓரம் ஓரமா செதுக்கி ஒல்லியாக்கித்தான் நுழைக்கணும், அது வேற கெட்டிக் காயா, ரெண்டு பீட்ரூட் திருகுறதுக்குள்ள மணிக்கட்டு விண்ணுவிண்ணுன்னு வலிக்கும். கடைசியில கூம்பு மாதிரி ஒரு துண்டு மிஞ்சும். ஒரு தடவை தராசுல வச்சுப் பாத்தேன், நானூறு கிராம் கேரட்டுல நூத்திப்பத்து கிராம் கூம்பாவே நின்னுபோச்சு. மேசை மிசின்ல அதே நானூறுக்கு அறுபது கிராம்தான் மிச்சம், நடுவுல பென்சில் தடிப்புக்கு ஒரு தண்டும் கடைசியில காளான் மாதிரி ஒரு வட்டமும். ரெண்டையும் நறுக்கி அடுத்த நாள் சாம்பார்ல போட்டுருவேன்.

அந்தக் கூம்பு சின்னதாக ஆக கையி பிளேடுக்குக் கிட்ட போகும். முள்ளு வச்ச மூடி ஒண்ணு குடுப்பாங்க, காயக் குத்திப் புடிச்சு திருக. முள்ளங்கி மாதிரி தண்ணிக் காய்ல அந்த முள்ளு வழுக்கிரும். அப்படி வழுக்குன ஒரு நாள் நடுவிரல் நுனியில ஆழமா கீறி, மஞ்சத்தூள் வச்சு கட்டுப்போட்டுட்டு மிச்ச சமையல அத்தைதான் பாத்தாங்க.

ஆனாலும் நான் மிசின மாத்துனதுக்கு அதெல்லாம் ரெண்டாவது காரணம்தான். முதல் காரணம் கழுவறது. இதப் பத்தி கடைக்காரரும் சொல்றதில்ல, வீடியோ போடறவங்களும் காட்டறதில்ல, காய் சுருளா விழுகறதோட கட் பண்ணிருவாங்க. அதுக்கப்புறம்தான் நம்ம பாடு.

ஸ்பைரலைசர் பிளேடக் கிட்டத்துல பாருங்க. ஒரு நீளமான கத்தி, அதுக்கு முன்னாடி வரிசையா சின்னச் சின்ன பல்லு நிக்கும். பல்லு காயக் கீறி கோடு போடும், கத்தி அத அடியோட சீவி எடுக்கும், அதனாலதான் நூலா வருது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் கேரட் நார், பீட்ரூட் சக்கை எல்லாம் போய் குந்திக்கும். உடனே தண்ணி காட்டுனா போயிரும். சாப்பிட்டுட்டு வந்து கழுவிக்கலாம்னு வச்சா அரை மணி நேரத்துல காஞ்சு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும். கையில திருகுறதுல இந்தப் பல்லு உள்ளுக்குள்ள கூம்போட ஒட்டி நிக்குது, கழட்ட வராது. பிரஷ் நுனி அந்த மூலைக்குப் போகாது, விரல விட்டா அறுத்துரும், ஊக்கு வச்சு குத்தி குத்தி எடுத்திருக்கேன். ஆறாவது மாசத்துல ஒரு நாள் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா பிளேடும் பிளாஸ்டிக்கும் சேர்ற எடத்துல கருப்பா கோடு. மோந்தா ஒரு ஊசல் வாடை. சுடுதண்ணியில ஊறப்போட்டேன், வினிகர் ஊத்தினேன், வாடை போச்சு, கோடு போகல. சுகர்காரருக்கு நல்லது பண்றேன்னு பச்சைக் காய இதுல சீவிக் குடுக்கிறோமேன்னு மனசு கேக்காம அன்னிக்கே எடுத்து ஓரமா வச்சுட்டேன்.

மேசை மிசின்ல பிளேடு தனித் தட்டா வரும். என்னுதுல மூணு தட்டு இருக்கு, மெல்லிசு நூலு, தடிப்பு நூலு, அப்புறம் பல்லே இல்லாத ரிப்பன். வேலை முடிஞ்சதும் மேல இழுத்தா தட்டு கையோட வந்துரும். குழாய்க்கடியில பின்பக்கத்த மேல காட்டிப் புடிச்சா சக்கை வந்த வழியே வெளிய விழும், முன்பக்கமா தண்ணி அடிச்சா இன்னும் உள்ள போய் இறுகிக்கும், இத நானே பத்து நாள் தப்பா செஞ்சு கத்துக்கிட்டது. அதுக்கப்புறம் பழைய டூத் பிரஷ்ல பின்பக்கமிருந்து ரெண்டு தேய், முடிஞ்சது. கேரட் சீவுனா பிளாஸ்டிக் மஞ்சளா ஆரஞ்சா கறை புடிக்கும், சோப்புக்கு அது அசையாது, ஏன்னா அந்த நெறம் எண்ணெயில கரையறது. ஒரு சொட்டு தேங்காண்ணெய பஞ்சுல தொட்டுத் தொடைச்சுட்டு அப்புறம் சோப்பு போட்டா பளிச்சுனு வந்துரும். பீட்ரூட் கறை அப்படியில்ல, அது தண்ணியில போற நெறம், எண்ணெய் வேண்டாம், ஊற விடாம அப்பவே அலசுனா சரி. எங்க போர் தண்ணி உப்பு வேற, தொடைக்காம காய வச்சா பிளேடு மேல வெள்ளையா படியும், அதுக்கு எலுமிச்சந்தோல வச்சுத் தேச்சா போதும். துணியில ஒத்தி எடுத்து வைங்க, தேய்க்காதீங்க, துணி நூல் பல்லுல மாட்டிக்கும்.

மேசை மிசின்ல தொந்தரவே இல்லையான்னா இருக்கு. ஆயிரத்து நூத்தம்பது ரூபா குடுத்தேன். எடம் அடைக்குது. அடியில இருக்கற ரப்பர் கிண்ணம் நாலும் வழுவழுன்னு இருக்கற கிரானைட்லதான் உறிஞ்சிப் புடிக்கும், எங்க வீட்டு மேடை பழைய கடப்பாக்கல்லு, சொரசொரப்புல காத்து புகுந்து முதல் சுத்துலயே மிசின் நகந்து வந்துருச்சு. பாத்ரூம் கட்டுனப்ப மிஞ்சுன டைல்ஸ் ஒண்ண எடுத்து, அடியில ஈரத்துணி விரிச்சு, கிண்ணத்தையும் லேசா நனைச்சு டைல்ஸ் மேல அமுக்குனேன், அதுக்கப்புறம் அசையல. பிளேடு மொண்ணையானா வீட்டுல தீட்ட முடியாது, அவ்வளவு சின்னப் பல்லு. என்னுது பத்து மாசத்துல இன்னும் நல்லா வெட்டுது.

காய் விஷயத்துல ரெண்டுக்கும் ஒரே கணக்குதான். கெட்டியா, நேரா, நடுவுல பொந்தும் பெரிய வெதையும் இல்லாம இருக்கணும். ஊட்டி கேரட், பீட்ரூட், முள்ளங்கி, நூல்கோல், உருளை, சக்கரவள்ளி, பிஞ்சு வெள்ளரி எல்லாம் அருமையா வரும். சௌசௌ பிஞ்சா பாத்து எடுங்க, முத்துனா நடுக்கொட்டைக்கு வந்ததும் நூல் அறுந்துரும், அதோட பாலு கையில பட்டா தோலு பிசுபிசுன்னு இழுத்துப் புடிக்கும், எண்ணெய் தடவிக்கிட்டு சீவுங்க. கத்திரி, வெண்டை, பொடலை எதுலயும் வராது. ரெண்டு முனையையும் நேரா, மட்டமா வெட்டி நடுமையமா மாட்டுங்க, கோணலா மாட்டுனா நூலுக்கு பதிலா அரைவட்டம் அரைவட்டமா விழும். தேங்கா போட்டுப் பெரட்டுற தோரனுக்கு அந்த அரைவட்டமே தேவைப்படும், அப்ப காய்ல ஒரு பக்கமா நீளவாக்குல நடு வரைக்கும் ஒரு கீறு போட்டுட்டு சுத்துங்க, துண்டு துண்டா தானா விழுந்துரும், தேங்காத் துருவலோட கலக்க அது ரொம்ப சௌகரியம். நூலா வேணும்னா நாலஞ்சு சுத்துக்கு ஒரு தடவை கத்திரிக்கோல்ல வெட்டி விடுங்க, இல்லேன்னா ஒரு கேரட்டும் ஒரே நூலா தட்டுல கெடக்கும், கொழந்தைங்களால சாப்பிட முடியாது.

சுகருக்காக வாங்கறவங்க ஒண்ண கவனிங்க. நூலாயிட்டா எல்லாக் காயும் ஒண்ணாயிராது. நூறு கிராம் சுக்கினியில (வெள்ளரி மாதிரி இருக்கற சீமைக் காய்) மாவுச்சத்து மூணு கிராம் கிட்ட, கேரட், பீட்ரூட்ல பத்து கிட்ட, சக்கரவள்ளியில இருபது. வெந்த சோறு இருபத்தெட்டு கிட்ட வரும். அதனால சக்கரவள்ளிய நூலாக்கி சோத்துக்கு பதிலா சாப்பிட்டா பெருசா ஒண்ணும் கொறையாது. சுக்கினி எங்க பக்கம் தெனமும் கெடைக்காது, நான் முள்ளங்கி, வெள்ளரி, சௌசௌன்னு மாத்தி மாத்திப் போடறேன்.

எங்க வீட்டுல இப்ப ஓடறது பாதிக்குப் பாதி. சந்தகை ஒரு பங்கு, கேரட் நூல் ஒரு பங்கு. இரும்புச் சட்டியில கடுகு, உளுந்து, பச்சமொளகா, கருவேப்பிலை தாளிச்சு கேரட் நூலப் போட்டு ரெண்டு நிமிஷம் பெரட்டுனா போதும், அதுக்கு மேல போனா தொவண்டுரும். உப்ப கடைசியில போடுங்க, முன்னாடியே போட்டா காய்ல இருக்கற தண்ணியெல்லாம் வெளிய வந்து சந்தகை சொதசொதன்னு ஆயிரும். எறக்கி வச்சு சந்தகையக் கலந்து எலுமிச்சை புழிஞ்சு தேங்கா தூவுனா முடிஞ்சது. முதல் நாள் இவரு ஒண்ணும் பேசாம சாப்பிட்டாரு, ரெண்டாவது நாள் தட்ட நீட்டி இன்னுங் கொஞ்சம் போடுன்னாரு.

கடையில வாங்கப் போறவங்க எத்தன பிளேடு, என்ன கலருன்னு பாக்காதீங்க, பிளேடு தனியா கழண்டு வருதான்னு கையில புடிச்சு இழுத்துப் பாருங்க. ஒருத்தர் ரெண்டு பேரு இருக்கற வீடு, வாரத்துல ஒரு வெள்ளரிக்கா சீவுனா போதும்னா கையில திருகுறதே வாங்கிக்கலாம், சீவுன கையோட கழுவுற பழக்கம் மட்டும் இருக்கணும்.

போன வாரம் பக்கத்து வீட்டு சேச்சி வெள்ளரி சீவ மிசின எரவல் வாங்கிட்டுப் போனாங்க. குடுக்கறப்பவே பிளேடப் பின்பக்கமா கழுவணும்னு சொல்லி, பழைய பிரஷ்ஷையும் கூடவே குடுத்தனுப்பிச்சேன். சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து குடுத்தப்ப தட்ட வாசல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், ஒரு பல்லுல ஒரு நார் இல்ல.