புதுப்பித்த பழைய மர மோட்டார் யாட் வாங்க எண்ணுவோர் கவனத்திற்கு: வார்னிஷுக்கு அடியில் நான் கண்டது

1930களில் கட்டப்பட்டதாகச் சொல்லப்பட்ட, 14 மீட்டர் நீளமும் இரட்டை டீசல் எஞ்சினும் கொண்ட மர மோட்டார் யாட் ஒன்றை, “அடி முதல் முடி வரை புதுப்பிக்கப்பட்டது” என்ற விளம்பரத்தை நம்பி நான் வாங்கி 11 மாதங்கள் ஆகின்றன. இவற்றில் அது தண்ணீரில் மிதந்தது 9 வாரங்கள் மட்டுமே. மீதி நாள்களையெல்லாம் பட்டறையில் மரக்கட்டைகளின் மேல்தான் கழித்திருக்கிறது. விற்றவரோடு வழக்கறிஞர் வழியாகக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரையோ படகின் பெயரையோ எழுதவில்லை. ஆனால் நான் எப்படி ஏமாந்தேன் என்பதை எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஏனெனில் இதே போன்ற ஒரு படகின் முன்னால் இன்றைக்கும் யாரோ ஒருவர் முன்பணத்தோடு நின்றுகொண்டிருக்கக்கூடும்.

முதன்முதலில் பார்த்த நாளில் அந்தப் படகு உண்மையிலேயே அழகாக இருந்தது. சுக்கான் அறையின் மகோகனிப் பலகைகள் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னின; தேக்குத் தளத்தின் இடுக்குகளில் கறுப்பு ரப்பர்ப் பூச்சு கோடு கிழித்தாற்போல் நேராக ஓடியது; எஞ்சின் அறையில் விரலைத் தேய்த்துப் பார்த்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டவில்லை. விற்பவர் தடித்த புகைப்படத் தொகுப்பு ஒன்றை என்னிடம் கொடுத்து, மூன்று ஆண்டுகள் நடந்த வேலை இது என்றார். அதை இரண்டு முறை புரட்டினேன். சமையலறை, படுக்கையறை, மெருகேற்றிய வெண்கலச் சன்னல்கள், வண்ணம் பூசிய எஞ்சின்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வெளிப்பலகை ஒன்றையாவது கழற்றி, உள்ளே விலா எலும்புகள் போல் பலகைகளைத் தாங்கி நிற்கும் வங்குக்கால்களைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. மரப்படகைப் புதுப்பிப்பது என்றால் முதல் வேலையே அங்கேதான் நடந்திருக்க வேண்டும். நடந்திருந்தால் அதைப் படம் எடுக்காமல் விடும் உரிமையாளர் எவரும் இருக்க மாட்டார். பணம் கைமாறிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

இன்னோர் அறிகுறி காதிலேயே விழுந்தது. நாங்கள் உள்ளே உட்கார்ந்து பேசிய ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், பில்ஜ் என்று சொல்லப்படும் அடிப்பள்ளத்தின் நீரை இறைக்கும் தானியங்கி பம்பு மூன்று முறை ஓடியது. ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் உறுமி, வெளியே தண்ணீர் கொட்டிய பிறகு நின்றது. கேட்டபோது, குளியலறை நீர் அங்கேதான் வடிகிறது என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் குளிக்கவில்லை. மரப்படகு சிறிது கசிவது இயல்பு. நீண்ட நாள் உலர்ந்து கிடந்து மீண்டும் இறக்கப்பட்டால், பலகைகள் ஊறிப் பருத்து இடுக்குகள் அடைபடும் வரை கூடுதலாகவே கசியும். ஆனால் இந்தப் படகு அப்போது நான்கு மாதங்களாகத் தண்ணீரிலேயே இருந்தது.

நான் ஆய்வாளரை வைக்காமல் வாங்கவில்லை. விற்பவர் தம்மிடமிருந்த அறிக்கையையே போதுமென்று சொல்லிப் பார்த்தார். அது படகு மிதந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்ட அறிக்கை என்பதால் ஏற்கவில்லை. நான் அமர்த்திய ஆய்வாளருக்காகப் படகைத் தூக்கி வைக்க ஒப்புக்கொண்டார். ஆனால் அடிப்பூச்சு புதியது என்பதால் அதைச் சுரண்டக் கூடாது, திருகாணி எதையும் கழற்றக் கூடாது என்று நிபந்தனை போட்டார். நான் சம்மதித்தேன். என் பெரிய தவறு அதுதான். ஆய்வாளர் தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தார். “பலகைகளைப் பிணைக்கும் திருகாணிகள் பரிசோதிக்கப்படவில்லை, அவற்றின் நிலை குறித்துக் கருத்துச் சொல்ல இயலாது” என்று அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார். எல்லா அறிக்கைகளிலும் வரும் சம்பிரதாய வாசகம் என்று நினைத்து அதைக் கடந்துவிட்டேன்.

ஒன்பதாவது வாரத்தில், அலை சற்று எழும்பிய ஒரு பிற்பகலில், பம்பு நிற்காமல் ஓடத் தொடங்கியது. எஞ்சின் அறையின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தபோது நீர் கியர்ப்பெட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எப்படியோ கரை சேர்ந்து, மறுநாளே படகைத் தூக்க வைத்தோம். மரப்படகு கட்டிப் பழகிய மூத்த ஓடாவி ஒருவர் சிறு சுத்தியலோடு வந்து, படகின் முன்முனையான அணியத்திலிருந்து தொடங்கிப் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். அணியத்தைத் தாண்டி நான்கு அடி போனதும் ஒலி மாறி, நனைந்த அட்டையைத் தட்டுவது போல் மந்தமாகிவிட்டது. பின்முனையான அமரம் வரை அப்படியேதான்.

அவர் ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டினார். பெயிண்டுக்குக் கீழே மரம் தெரியவில்லை. எபாக்சி என்ற பிசினில் தோய்த்து ஒட்டிய ஃபைபர் உறை தெரிந்தது. பலகைகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து, இடுக்கில் பருத்தித் திரியைத் திணித்து நீர் புகாதபடி அடைத்த, அதாவது கலப்பத்து பார்த்த படகு இது. இப்படிக் கட்டிய படகில் ஒவ்வொரு பலகையும் ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும். மெல்லிய உறையால் அந்த அசைவைத் தாங்க முடியாது. ஏதாவது ஓரிடத்தில் அது பிரிந்துவிட்டால், உள்ளே நுழைந்த நீர் வெளியேற வழியின்றி மரத்துக்கும் உறைக்கும் நடுவே தங்கிவிடுகிறது. ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் நிலைத்துவிட்ட மரத்தில் பூஞ்சை அழுகல் பிடித்துக்கொள்ளும். ஓடாவி உறையின் விளிம்பைப் பிடித்து இழுத்தபோது, கை அகலத்துக்கு ஒரு பட்டை, தோலை உரித்தாற்போல் ஓசையில்லாமல் கழன்று வந்தது. அதன் பின்னாலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுகியது.

பிறகு திருகாணித் தலையை மூடியிருந்த மக்கை (அடைப்புப் பசையை) நோண்டி ஒரு திருகாணியில் திருப்புளியை வைத்தார். தலை மட்டும் கையோடு வந்தது. ஒடிந்த இடம் மஞ்சளாக இல்லாமல் செங்கல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. கடல்நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், வலுவற்ற செம்பு மட்டும் கூடாக நின்றுவிடும் என்றும், அதனால்தான் இந்த இடத்துக்குச் சிலிக்கான் வெண்கலத் திருகாணிகளைப் போடுவார்கள் என்றும் அவர் விளக்கினார். வெவ்வேறு இடங்களில் 12 திருகாணிகளைக் கழற்ற முயன்றதில் முழுதாக வந்தவை மூன்று. சில இடங்களில் யாரோ இரும்புத் திருகாணிகளை அடித்திருந்தார்கள். ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து, ஒவ்வொன்றையும் சுற்றி மை கொட்டியது போல் கறுத்து, மரம் மெதுமெதுவென்றாகியிருந்தது.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். ஆவியில் வளைத்துக் கட்டிய ஓக் வங்குக்கால்கள், படகின் வயிறு வளையும் இடத்தில்தான் வழக்கமாக முறியும். முறையான புதுப்பித்தலில் முழு நீள வங்குக்கால் ஒன்றைப் புதிதாக மாற்றுவார்கள், அல்லது பழையதன் அருகில் துணைக்கால் ஒன்றை முறிவுக்கு மேலும் கீழும் நன்றாக நீட்டிக் கட்டுவார்கள். இங்கே, நிலையாகப் பொருத்திய கட்டில்களைப் பெயர்த்துப் பார்த்ததில், முறிந்த 19 கால்களின் மேல் ஒரு சாண் நீள ஒட்டுப்பலகைத் துண்டுகளை வைத்துத் திருகி, சாம்பல் நிறப் பெயிண்டை அள்ளிப் பூசியிருந்தார்கள். தெரியாமல் செய்த வேலை என்று இதை என்னால் ஏற்க முடியவில்லை. முறிவைக் கண்டவர்தான் அதன் மேல் துண்டை வைத்திருக்க முடியும்.

கடல்நீர் வால்வுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பொரிந்திருந்ததை வாங்கும்போதே பார்த்திருந்தேன். உப்பு என்று நினைத்தேன். அரிப்பைத் தடுக்க வேண்டிய துத்தநாகத் தகடுகளை அளவுக்கு மீறிப் பொருத்தி எல்லாவற்றையும் கம்பியால் இணைத்துவிட்டால், உலோகத்தைச் சுற்றி உருவாகும் காரம் மரத்தையே தின்றுவிடும். ஒரு வால்வைச் சுற்றியிருந்த பலகை, விரலால் அழுத்தினால் நார்நாராகப் பிரிந்தது.

படகின் வரலாறும் சரியாக இல்லை. சுக்கான் அறையில் இருந்த பித்தளைத் தகட்டில் பட்டறையின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. கப்பல்களைத் தரம் பார்த்துப் பதிவு செய்யும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் நிறுவனம் 1878 முதல் 1980 வரை, போர்க்கால இடைவெளிகள் நீங்கலாக, யாட்களின் பதிவேட்டை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்தது. கட்டிய இடம், ஆண்டு, அளவுகள், எஞ்சின் போன்ற விவரங்களை அதில் காணலாம். அந்தப் பெயரிலும் ஆண்டிலும் அதில் நான் கண்ட யாட், என் படகைவிட மூன்று மீட்டர் குட்டையானது, ஒற்றை எஞ்சின் கொண்டது. தகடு வேறொரு படகிலிருந்து வந்திருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை அந்தப் பதிவேட்டுக்கு ஒதுக்கியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஆகவே, வாங்க எண்ணுபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். நீர்மட்டத்துக்குக் கீழே, ஏராவை (படகின் முதுகெலும்பான அடிக்கட்டையை) ஒட்டிய பலகையையும் சேர்த்து, ஆய்வாளர் தேர்ந்தெடுக்கும் இடங்களில் திருகாணிகளைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். துளைகளைச் சரிசெய்யும் செலவை நீங்களே ஏற்பதாக எழுதிக் கொடுங்கள். மறுப்பவரின் படகை, அது எத்தனை அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். வேலை செய்த தச்சரிடம் நேரில் பேசுங்கள். திருகாணியும் பலகையும் வாங்கிய ரசீதுகளைக் கேளுங்கள், வார்னிஷ் ரசீது எதையும் நிரூபிக்காது. “உள்ளது உள்ளபடி” என்ற சொற்றொடர் ஒப்பந்தத்தில் இருந்தால், விளம்பரத்தில் சொன்ன புதுப்பிப்பு வேலைகளின் பட்டியலை அதே ஒப்பந்தத்தில் இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள். என் கடிதத்துக்கு விற்றவர் அனுப்பிய ஒரே பதில் அந்தச் சொற்றொடரைச் சுட்டிக்காட்டியதுதான்.

படகை நான் கைவிடவில்லை. ஃபைபர் உறை முழுவதையும் உரித்தாகிவிட்டது. ஏராவும் அணியக் கட்டையும் நல்ல நிலையில் இருப்பதாக ஓடாவி சொல்கிறார். முதல் நான்கு வங்குக்கால்கள் இந்த மாதம் மாறுகின்றன. இதற்கிடையில், அதே நபர் சென்ற வாரம் இன்னொரு பழைய மர யாட்டை விளம்பரப்படுத்தியிருக்கிறார். சுக்கான் அறை, சமையலறை, எஞ்சின் என்று 40 படங்கள் போட்டிருக்கிறார். நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. எந்தப் படகையாவது வாங்கப் பேச்சு நடத்திக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும் எனக்கு எழுதலாம். ஆய்வறிக்கையின் ஏழாம் பக்கத்தையும், கழற்றிய திருகாணிகளின் படங்களையும் அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்.