பழைய ஆர்கேட் மெஷினைச் சீரமைக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என்னிடம் கேலகா என்ற விண்வெளிச் சுடும் விளையாட்டின் 1981ஆம் ஆண்டு ஆர்கேட் மெஷின் (காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி) இருந்தது. அதைச் சீரமைத்துத் தருவதாகச் சொல்லி எடுத்துப்போனவர்கள், உள்ளே இருந்த அசல் பாகங்களைக் கழற்றிவிட்டு, மரப்பெட்டிக்குள் வேறு பாகங்களை மாட்டித் திருப்பித் தந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. படம் வருகிறது, விளையாடவும் முடிகிறது. அதனாலேயே இப்படி ஏமாந்தது பலருக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கொடுக்கும்போது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. படம் கொஞ்சம் மங்கல், ஓரங்கள் உள்வாங்கி அலைபோல நெளியும், சூடேறினால் சில சமயம் தானாக ரீசெட் ஆகும். இந்த வயது மெஷின்களுக்கு இதெல்லாம் வழக்கமான கோளாறுதான். மானிட்டர் சேசிஸில் (திரையை இயக்கும் சர்க்யூட்டில்) உள்ள எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகங்கள்) காய்ந்துபோயிருக்கும், மொத்தமாக மாற்றினால் படம் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். விளையாட்டை ஓட்டும் சர்க்யூட் போர்டின் கனெக்டர் கருகியிருந்தால் ரீசெட் பிரச்சினை வரும். இந்த இரண்டு வேலையோடு, ஈரத்தில் ஊறி உப்பியிருந்த அடிப்பலகையையும் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். என்னைக் கேட்காமல் எந்த அசல் பாகத்தையும் மாற்றக் கூடாது என்றும் அதில் இருந்தது. அவர்கள் கையெழுத்தும் போட்டார்கள்.

திரும்பி வந்தபோது பிக்சர் ட்யூப் இருந்த இடத்தில் எல்சிடி பேனல் உட்கார்ந்திருந்தது. ட்யூப் செத்துவிட்டது, இனி கிடைக்காது, நல்லதாகவே மாற்றியிருக்கிறோம் என்றார்கள். கேலகாவின் படம் 224க்கு 288 புள்ளிகள்தான். ட்யூபில் அது வரிவரியாக விழுந்து ஒளிரும்போதுதான் நட்சத்திரங்கள் கறுப்பில் மிதக்கும். எல்சிடியில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. பேனலைக் குத்தாகத் திருப்பி மாட்டியிருப்பதால் ஒரு பக்கமாக நின்று பார்த்தால் நிறமே மாறிவிடுகிறது. கோபம் வந்தது. இருந்தாலும் போர்டு அசலாக இருக்கிறதே, ட்யூபை நாமே தேடி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். “போர்டில் சால்டரிங் வேலை மட்டும்தான் செய்தோம் சார்” என்றும் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள்.

அது பொய் என்பதை ஹைஸ்கோர்தான் காட்டிக்கொடுத்தது. வந்த அன்று இரவு விளையாடி, ஒரு நல்ல ஸ்கோர் எடுத்து, மெஷினை அணைத்துவிட்டேன். மறுநாள் போட்டால் அதே ஸ்கோர் மேலே நிற்கிறது. அசல் கேலகாவில் அதற்கு வழியே இல்லை. அதில் ஸ்கோரைக் காப்பாற்றப் பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் நினைவகம் காலி, மறுபடி போட்டால் ஹைஸ்கோர் 20000 என்றுதான் வரும். அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. அசல் போர்டு உயிர்பெறும்போது திரை முழுக்கக் கண்டபடி எழுத்துகள் நிரம்பி, பிறகு ராம் ஓகே, ரோம் ஓகே என்று சோதனை வரிகள் வரும். இதில் அப்படி எதுவும் வரவில்லை.

பின்கதவைத் திறந்தேன். மூன்று இசட்80 பிராசசர்களும், கேலகாவை உருவாக்கிய நாம்கோவின் தனிச் சிப்புகளும் நிறைந்த அந்தப் பெரிய போர்டுத் தொகுதி இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன போர்டு, இரண்டே ஸ்க்ரூவில். அறுபது விளையாட்டுகள் ஒன்றாக வரும் மல்டிகேம் போர்டு அது. ஒரே ஒரு விளையாட்டு மட்டும் தெரிகிற மாதிரி அதில் செட்டிங் வைக்கலாம், அப்படித்தான் வைத்திருந்தார்கள். இந்த வகை போர்டு கெட்டது என்று சொல்லவில்லை. விரும்பி வாங்குபவர்கள் வாங்கட்டும். அசல் போர்டைப் பழுது பார்த்ததாகப் பணம் வாங்கிவிட்டு இதை மாட்டியது திருட்டு.

கேட்டபோது பேச்சு மாறிக்கொண்டே போனது. முதலில் போர்டு உள்ளேதான் இருக்கிறது என்றார்கள். போட்டோ அனுப்பியதும், ரிப்பேர் ஆகவில்லை, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். ஓடிக்கொண்டிருந்த கேலகா போர்டை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் குப்பையில் போட மாட்டார்கள். பழைய சிப்புகளுக்காகவே அதை வாங்க ஆள் இருக்கிறது.

விடாமல் கேட்டதில் ட்யூபை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்தபோது மனசு விட்டுப்போயிற்று. ட்யூபின் கழுத்துப் பகுதியில் கண்ணாடிக்குள் வெள்ளிபோல ஒரு பூச்சு இருக்கும், கெட்டர் என்பார்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும்வரை அது கண்ணாடி மாதிரி மினுங்கும். காற்று புகுந்துவிட்டால் பால் நிறத்தில் வெளுத்துப்போகும். என் ட்யூபில் அது வெள்ளை வெளேரென்று இருந்தது. கழுத்து நுனியில் மயிரிழை விரிசல். வயதாகித் தேய்ந்த ட்யூபில் கெட்டர் வெளுக்காது. கழுத்து நுனியில் செருகியிருக்கும் நெக் போர்டை அவசரத்தில் அசைத்து இழுத்து யாரோ கழுத்தை உடைத்திருக்கிறார்கள். மங்கலாகவாவது ஓடிய ட்யூப், இவர்கள் கையில்தான் செத்தது.

கண்ட்ரோல் பேனலையும் விட்டுவைக்கவில்லை. கேலகாவுக்கு இடது வலது மட்டும் போகும் ஜாய்ஸ்டிக், சுட ஒரு பட்டன், அவ்வளவுதான். மல்டிகேம் போர்டுக்காக எட்டுத்திசை ஜாய்ஸ்டிக்கை மாட்டி, அசல் இரும்புத் தகட்டில் புதிதாக ஓட்டை போட்டு, மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

இதையெல்லாம்விட மோசமானது வயரிங். பழைய பவர் சப்ளையை எடுத்துவிட்டு மலிவான ஒன்றை மூடியில்லாமல் வைத்திருந்தார்கள். காசு போடும் கதவு முழுக்க இரும்பு. அதற்குப் போக வேண்டிய எர்த் வயர் வெட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மின்கம்பி நழுவித் தகட்டில் பட்டால், விளையாட வந்து அதைத் தொடும் பிள்ளைக்கு என்ன ஆகும்? பணம் போனதைக்கூட ஒரு நாள் மறந்துவிடலாம், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. சமீபத்தில் யாரிடமாவது மெஷினைக் கொடுத்து வாங்கியிருந்தால், இன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதியுங்கள். ட்யூப் உள்ள மெஷின் என்றால் நீங்களாகக் கை வைக்காதீர்கள், அணைத்த பிறகும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பல பழைய மானிட்டர்கள் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (வீட்டு மின்சாரம் நேரடியாகச் சேராமல் பிரித்து வைக்கும் சாதனம்) இல்லாமல் ஓடவே கூடாதவை. அது இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன் போர்டின் இரண்டு பக்கத்தையும் சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். ட்யூபின் கழுத்தையும் கெட்டரின் நிறத்தோடு எடுங்கள். மெஷின் ஆன் ஆவதிலிருந்து விளையாட்டு தொடங்கும்வரை ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், திரும்பி வந்ததும் ஒப்பிடலாம். என் புகார் இன்று நிற்பதே அந்தப் போட்டோக்களால்தான். கழற்றிய பாகம் கெட்டுப்போனதாக இருந்தாலும், பழைய கெப்பாசிட்டர்கள் உட்பட எல்லாம் ஒரு பையில் திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். ‘ரிஸ்டோரேஷன்’ என்றால் என்னென்ன செய்வீர்கள், போர்டு சரியாகவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்று பதில் வந்தால் மெஷினை வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.

எர்த் வயரை வேறொருவர் சரிசெய்து கொடுத்துவிட்டார். பேனலில் போட்ட ஓட்டைகளைத் தகடு வைத்து வெல்டிங் செய்து அடைக்கலாம் என்கிறார். போர்டுக்கும், 19 அங்குல ட்யூபுக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய கேலகா போர்டை யாராவது உங்களிடம் விற்க வந்தால், எங்கிருந்து எடுத்தது என்று கேட்டு, பழைய மெஷினின் போட்டோவையும் காட்டச் சொல்லுங்கள்.