அகலப்படுத்துவதா, புறவழிச்சாலையா: கடலூர்ப் பக்கத்துக் கணக்கு

பழைய சாலையை அகலப்படுத்தினால் முதலில் போவது ஓரத்துப் புளியமரங்கள். கண்ணெதிரே விழுவதால் எதிர்ப்பும் உடனே வரும். புறவழிச்சாலைக்கு மரம் குறைவாகத்தான் விழும். வெறும் வயல்தானே என்று கையெழுத்துப் போட்டுவிடலாம்.

என் சந்தேகமே அங்கேதான். பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு எல்லாம் கிழக்கே ஓடிக் கடலில் சேர்கின்றன. கடற்கரைக்கு இணையாக மண்ணை உயர்த்திப் போடும் புதுச்சாலை அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கரைபோல நிற்கும். சிறுபாலங்கள் குறுகலாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் மேற்குப்பக்க வயல்களில் தண்ணீர் வடியாது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே சமயம் மேட்டில் தைலமரத் தோப்பை மொத்தமாக வெட்டி, மறுநடவுக்கு மண்ணைக் கிளறினால், அந்த வண்டலும் இதே பாலங்களைத்தான் அடைக்கும். சாலைக்கு ஒரு கோப்பு, தோப்புக்கு ஒரு கோப்பு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விண்ணப்பப் படிவம், பல திட்டங்கள் சேர்ந்து உண்டாக்கும் ஒட்டுமொத்த விளைவைப் பற்றியும் கேட்கிறது, சரி. ஆனால் அனுமதி திட்டவாரியாகத்தான் கிடைக்கிறது.

அப்புறம் மனைப்பிரிவுகள். புறவழிச்சாலை திறந்ததுமே இருபுறமும் வயலைத் தூர்த்துக் கல் நடுவார்கள். அது மதிப்பீட்டில் சரியாக வருமா என்பது சந்தேகம்தான்.

பழைய சாலையும் நீரோட்டத்தைத் தடுக்கிறதுதான். ஆனால் அகலப்படுத்தும்போது அதன் பாலங்களைப் பெரிதாகக் கட்டலாம். ஒரே பக்கமாக அகலப்படுத்தினால் மறுபக்கப் புளியமரங்களும் தப்பும். என் ஓட்டு அதற்கே.