பிள்ளைகளின் சண்டையைக் கையாளப் பெற்றோருக்கு ஒரு பயிற்சி வகுப்பு: சேரலாமா?

கோவையில் உள்ள ஒரு மனநல ஆலோசனை மையம் நான்கு சனிக்கிழமைகளில் நடத்தும் பெற்றோர் பயிற்சி வகுப்பில் நானும் என் மனைவியும் கலந்துகொண்டோம். பிள்ளைகளுக்குள்ளும், பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையிலும் எழும் பூசல்களை அடித்தும் அதட்டியும் அடக்காமல், பேசித் தீர்க்கப் பழக்குவதே வகுப்பின் நோக்கம். கட்டணம் தம்பதிக்கு 3,000 ரூபாய்.

பாடத்தின் அடிப்படை புதியதல்ல. தாமஸ் கார்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1962ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஒரு சிறு பெற்றோர் குழுவுடன் தொடங்கிய பயிற்சியின் வழிமுறையையே இங்கும் கற்பிக்கிறார்கள். அதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. பெற்றோர் வென்று பிள்ளை தோற்பதையும், பிள்ளை அடம்பிடித்து வென்று பெற்றோர் தோற்பதையும் விடுத்து, இரு தரப்பும் ஏற்கும் முடிவைத் தேடுவதுதான் அவருடைய முறை. யாருக்கு என்ன தேவை என்று தெளிவுபடுத்துவது, தோன்றும் வழிகளையெல்லாம் குறை சொல்லாமல் எழுதிவைப்பது, அவற்றை எடைபோடுவது, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, செய்துபார்ப்பது, சில நாள் கழித்து அது சரிவந்ததா என்று மீண்டும் உட்கார்ந்து பேசுவது என ஆறு படிகள் அதில் உண்டு.

முதல் வகுப்பின் பெரும்பகுதி, பிள்ளை மனக்குறையோடு வரும்போது நாம் பேச்சை அடைத்துவிடும் பன்னிரண்டு வழிகளைப் பற்றியது. கட்டளையிடுவது, மிரட்டுவது, புத்தி சொல்வது, கேலி செய்வது, துருவிக் கேட்பது என்று நீளும் அந்தப் பட்டியலைக் கார்டன்தான் வகுத்தார். பயிற்சியாளர் எங்களில் பாதிப் பேரைத் தரையில் உட்காரவைத்து, மீதிப் பேரை எதிரில் நிற்கவைத்து, வீட்டில் வழக்கமாகச் சொல்வதையே சொல்லச் சொன்னார். "பெரியவ நீதானே விட்டுக்கொடுக்கணும்", "அவன் சின்னப் பையன், உனக்குத் தெரிய வேண்டாமா?", "இப்ப வாயை மூடுறியா இல்லையா?" என்று தலைக்கு மேலிருந்து வரிசையாக வந்து விழுந்தபோது, கீழே இருந்த என்னால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் "ஒண்ணும் ஆகாது, விடு" என்ற ஆறுதல் வார்த்தையும் அதே பட்டியலில் இடம்பெற்றிருப்பதை வகுப்பில் பலர் ஏற்கவில்லை. நானும் முழுமையாக ஏற்கவில்லை. அழுதுகொண்டு வரும் சிறுவனுக்குச் சில நேரங்களில் ஆறுதலைத் தவிர வேறெதுவும் தேவைப்படுவதில்லை.

கொடுத்த பணம் உண்மையில் வீடு வந்து சேர்ந்தது இரண்டாம் வகுப்பில்தான். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் 'என்ன கேட்கிறேன்', வலப்பக்கம் 'எதற்காகக் கேட்கிறேன்' என்று சண்டையிடும் இருவரையும் தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கூடத்து மேசைக்காகத்தான் அன்றாடம் போர். இருவர் தாளிலும் இடப்பக்கம் ஒரே சொல்தான் இருந்தது: மேசை. வலப்பக்கத்தில், தாத்தா சீக்கிரம் தூங்கிவிடுவதால் உள்ளறையில் விளக்குப் போட முடியவில்லை என்று மகள் எழுதியிருந்தாள். மின்விசிறிக் காற்று அங்கேதான் வருகிறது என்று மகன் எழுதியிருந்தான். ஒருத்திக்கு வெளிச்சம், ஒருவனுக்குக் காற்று. பரண்மேல் கிடந்த மேசை விசிறியை இறக்கித் துடைத்துச் சன்னலோரம் வைத்ததும் அவன் தானாகவே அங்கே பாயை விரித்துக்கொண்டான். எல்லாச் சண்டையும் இப்படி முடியாது என்பது வேறு விஷயம். கைபேசி குறித்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆறாவது படியைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் விட்டுவிடுகின்றன என்று பயிற்சியாளர் எச்சரித்தார். மறுபடி கூடிப் பேசும் நாளை நாட்காட்டித் தாளிலேயே பேனாவால் குறித்துவிடச் சொன்னார். தாளைக் கிழிக்கும்போது கண்ணில் பட்டுவிடுகிறது.

பெற்றோர் தங்களுக்குள் போடும் சண்டைக்கு மூன்றாம் வகுப்பில் அரை மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது, இது போதாது. பெற்றோரின் சண்டை தீர்ந்துவிட்டது என்பதைப் பிள்ளைகள் கண்டாலோ கேட்டறிந்தாலோ அவர்களுடைய கலக்கம் வெகுவாகக் குறைகிறது என்பதை நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் மார்க் கம்மிங்ஸ் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அதாவது, பிள்ளைகள் முன்னிலையில் சண்டையிட்டுவிட்டு, அவர்கள் தூங்கியபின் சமாதானமாகிவிட்டு, காலையில் ஒன்றும் நடக்காததுபோல் காப்பி போடும் நம் வழக்கத்தில் சமாதானம் மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இதை விரித்துப் பேசியிருந்தாலே ஒரு முழு வகுப்பு ஆகியிருக்கும்.

அடி, உதை, அச்சுறுத்தல் உள்ள வீட்டுக்கு இந்த முறை பொருந்தாது என்பதை மையம் ஒளிக்கவில்லை. அப்படிப்பட்ட நிலையில் பேச்சுவார்த்தைக்கு முன் பாதுகாப்புத்தான் வேண்டும் என்று சொல்லி, குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய இலவச உதவி எண்களைக் கரும்பலகையில் எழுதி, கடைசி வகுப்பு வரை அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

குறைகளும் உண்டு. கையேட்டில் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் தனியறை இருக்கிறது. கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒரே கூடத்தில் ஆறு பேர் புழங்கும் வீட்டுக்கு அந்த உதாரணங்கள் எதற்கு உதவும்? வகுப்பு முடிந்தபின் தொலைபேசியில் அழைத்து விசாரிப்போம் என்றார்கள், அழைப்பு வரவில்லை. வந்திருந்தவர்களில் தகப்பன்மார் மிகச் சிலர் என்பதற்கு மையத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தாத்தா பாட்டியரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதது பெரிய விடுதல். நாங்கள் தாளும் பேனாவும் எடுத்து வருவதற்குள் என் அம்மா தீர்ப்புச் சொல்லி, தோற்றவர் கையில் ஒரு முறுக்கையும் கொடுத்துவிடுகிறார்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட, தம் தேவையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் உள்ளவர்கள் தாராளமாகச் சேரலாம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் காத்திருக்கலாம். பணம் கட்டுமுன், வீட்டுப் பெரியவர்களையும் ஒரு வகுப்புக்காவது அழைத்துவர அனுமதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டபோது நாற்காலி போதாது என்றார்கள்.