ரப்பர் பட்டால் வெளுக்கும் கறுப்பு

தள்ளுபடியில் விலை இறங்கியிருக்கிறது, அந்தப் பிரஷ் பேனாவை வாங்கலாமா என்று சித்திரக்கதை வரையத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். "நீங்கள் அதில்தானே வரைகிறீர்கள்?" என்றார். ஆமாம், வருடக்கணக்காக. திட்டும் உரிமை அதனால்தான் எனக்கு இருக்கிறது.

முனையில் நிப்புக்குப் பதிலாகத் தூரிகை போல நைலான் முடி, உள்ளே மை அடைத்த மாற்றுக் குழலான கார்ட்ரிட்ஜ், சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் அளவு. நேராகக் குறைக்கு வருகிறேன். பென்சிலில் வரைகிறோம், மேலே மை தீட்டுகிறோம், காய்ந்ததும் பென்சில் கோடுகளை ரப்பரால் அழிக்கிறோம். பென்சில் போகிறது. கூடவே மையின் கறுப்பிலும் கொஞ்சம் போகிறது. முழுவதும் போய்த் தொலைந்தாலாவது மறுபடி வரையலாம். இதுவோ சிலேட்டு நிறத்தில் இளித்துக்கொண்டு நிற்கும். இரவு முழுக்கக் காயவிட்டாலும், வழவழப்பான தாளில் இதே கதைதான்.

காரணம் எளிது. ஓவியர்களின் கறுப்பு மையான இந்தியன் இங்க்கில், பாட்டிலில் வரும் பழைய வகையில், அரக்கு சேர்ந்திருக்கும். அது காய்ந்தால் தாளின் மேல் கெட்டியான படலமாகிவிடும். ரப்பர் அதை லேசில் அசைக்காது. ஆனால் அதே அரக்கு பேனாவின் உள்ளே காய்ந்தால் பேனா அன்றோடு முடிந்தது. ஆகவே கார்ட்ரிட்ஜில் அரக்கில்லாத மைதான் அடைக்க முடியும். மைப்புட்டியைத் தூக்கிக்கொண்டு அலையாமல் ரயிலில் உட்கார்ந்து வரைய முடிகிறதே, அந்தச் சௌகரியத்துக்கும் என் கறுப்பு வெளுப்பதற்கும் காரணம் ஒன்றேதான். இது புரிந்ததிலிருந்து எரிச்சல் கூடித்தான் இருக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது?

கறுப்பின் மேல் எனக்கு இந்தப் பிடிவாதத்தை உண்டாக்கியவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை வரைந்த ஸ்பானியர். அந்தத் தொடர் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962இல் தொடங்கியது. உடலில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் மிதக்கும். ஓவியனுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. கட்டத்தில் நாயகனே இல்லை. சுவரின் நிழலும் எதிரில் நிற்பவனின் முகமும் சேர்ந்துதான் அவன் அங்கே இருக்கிறான் என்று நம்மை நம்பவைக்க வேண்டும். நிழல் சாம்பல் பூத்தால் கதையே கெட்டது. பழைய இதழ்களை இன்றும் புரட்டுகிறேன். சாணித்தாள், மங்கிய அச்சு, ஆனாலும் அந்த நிழல் அசையாமல் நிற்கிறது. பிரிஸ்டல் என்னும் விலை உயர்ந்த கெட்டி ஓவியத் தாளில் என் நிழல் நிற்கவில்லை.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். இந்தப் பேனாவின் கோடு அபாரம். முனையால் தொட்டால் மயிரிழை. சற்று அழுத்தினால் கோடு விரல் பருமனுக்குப் பெருக்கிறது. குதிரையின் பிடரியில் தொடங்கி வால் வரை கையெடுக்காமல் இழுக்கலாம். நிப் பேனாவை மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள், தாளில் குத்தி மையைத் தெளித்துவிடும். இதற்கு எந்தத் திசையும் ஒன்றுதான். பிரெஞ்சு ஓவியர் ழான் ஜிரோ, நாம் கேப்டன் டைகர் என்று அறிந்த கௌபாய் தொடரில், பாறைக்கும் சட்டை மடிப்புக்கும் ஓட்டிய தூரிகையைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் நான். அதே மனிதர் மோபியுஸ் என்ற பெயரில் வரைந்தபோது மெல்லிய பேனாக் கோட்டுக்கு மாறிவிட்டார். அந்த இரண்டு கோட்டுக்கும் ஒரே கருவியில் முயன்று பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். இத்தனை பக்கங்களுக்குப் பிறகும் முடி பிரியவில்லை, முனை கூராகவே கூடுகிறது.

வெளிர்நீலப் பென்சிலில் வரைந்தால் அழிக்கவே வேண்டாமே என்பீர்கள். உண்மை. அச்சகக் கேமரா காலத்திலிருந்து இருக்கும் தந்திரம் அது; ஸ்கேன் செய்தபின் நீலத்தை மட்டும் நீக்கிவிடலாம். ஆனால் அசல் பக்கத்தை ஒருவர் விலைக்குக் கேட்டால் நீலக் கிறுக்கலோடுதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடியிலிருந்து விளக்கு எரியும் ஒளிமேசையில், பென்சில் படத்தின் மேல் வேறு தாளை வைத்து மை தீட்டலாம். அப்போது சொந்தப் படத்தையே நகலெடுக்கும் அலுப்பு கோட்டில் தெரிந்துவிடும்.

பீனட்ஸ் என்ற அமெரிக்கச் சித்திரத்தொடரை வரைந்த சார்ல்ஸ் ஷுல்ஸ், தான் பயன்படுத்திய எஸ்டர்புரூக் நிப்பைச் செய்த நிறுவனம் மூடப்படுகிறது என்றதும் மிச்சமிருந்த இருப்பு முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு அப்படி ஒரு நிப் வாய்த்தது. ரப்பருக்குப் பயப்படும் ஒரு பேனாவுக்காக யாரும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று நண்பருக்கு எழுதி அனுப்பினேன். பிறகு அதே தள்ளுபடியில் ஒரு பேனாவுக்கும், அலமாரி கொள்ளும் அளவுக்குக் கார்ட்ரிட்ஜுகளுக்கும் பணம் கட்டினேன்.